தவிட்டுக்கு வாங்கியவள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பெற்றேன், ஐந்தும் தங்கின. கொழுந்தன் பெண்டாட்டி கண்மூடிய பிறகு அவள் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் இன்று நின்று நடமாடுகின்றன. பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எண் மட்டும் யாரையும் கேட்காமல் படிப்பேன், அதனால் விலையில் என்னை ஏமாற்ற முடியாது. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. என் பேச்சை நேராக்கி எழுதுகிறாள். ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும், அதுவும் செத்துப்போனவர்கள் பேசியதை, திருத்தாதே, அவர்கள் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

என் வயதுக்காரிகளே, ரேஷன் கடை வரிசையிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் நீங்கள் பேசுவதைத்தான் நானும் பேசுகிறேன். சோப்பு வருஷத்துக்கு வருஷம் இளைக்கிறது, விலை கொழுக்கிறது. மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தால் பாதிக்குக் காற்று. காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கூடைக்காரி தானே போடுவாள், இப்போது அதற்கும் தனி விலை. கிணறு வெட்டின வீட்டில் இருந்துகொண்டு தண்ணீரைக் கேனில் வாங்கிக் குடிக்கிறோம். கொடுத்த காசுக்குப் பண்டம் இல்லை என்கிறோம். சரிதான்.

போன மாதம் என் பேரன் பெண்டாட்டி குழந்தைக்குப் பால் பவுடர் டின் வாங்கி வந்தாள். அவள் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறாள், காலையில் போனால் சாயங்காலம்தான். டாக்டர் சொல்லித்தான் வாங்கினாள், அளவு பார்த்துத்தான் கரைக்கிறாள். அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. டின்னைத் திருப்பி அடியில் விலையைப் படித்தேன். அவ்வளவுதான். படித்துவிட்டு டின்னைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள், "என்னுங்க ஆத்தா, ரொம்ப வெலைங்களா?" என்று கேட்டாள். "இல்ல சாமி, இதுக்கு முந்தி ஒரு டின்னு பாத்திருக்கறேன்" என்றேன்.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். திருச்செங்கோட்டுக்கு வடக்கே மானாவாரிக் காடு எங்களுக்கு. மழை பெய்தால் கடலைக்காய், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. ஒரு எருமை, ஒரு பட்டி ஆடு. எல்லாம் மேச்சேரி ஆடுகள், செம்மண் நிறத்தில் காட்டோடு காடாக நிற்கும், அசைந்தால்தான் ஆடு என்று தெரியும். வீட்டில் ஐயன், அம்மா, நான், அத்தை. அப்பனை நாங்கள் ஐயன் என்போம். அத்தை ஐயனுக்கு மூத்தவள். தாலியறுத்து வந்தவள், வந்த நாள் முதல் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் கையில் சாவி இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் அந்த வீட்டில் பார்த்தேன்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து, இரண்டும் நாற்பது நாள்கூடத் தாங்காமல் செத்துப்போயின. மூன்றாவதாக ஓர் ஆடி மாதம் தம்பி பிறந்தான். பிறந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை குழந்தையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கரிக்கட்டையாட்டம் இருக்குது, இதென்ன புள்ள" என்று கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். உண்மையில் அவன் நல்ல சிவப்பு. எமனுக்குக் கேட்கட்டும் என்று அப்படிச் சொல்வது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வள்ளம் என்பது படி மாதிரி எங்கள் பக்கத்து அளவு. இது நம் பிள்ளை இல்லை, ஒரு வள்ளம் தவிட்டுக்குப் போன பிள்ளை, ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை என்று ஆக்கிவிட்டால் எமன் தேடி வந்தாலும் தாண்டிப் போய்விடுவான் என்று நம்பிக்கை. வாங்குகிறவள் நம்மைவிடத் தாழ்ந்தவளாக, இல்லாதவளாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளையின் விலை இறங்கும். முதல் மொட்டை போடும் அன்று அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். அதுவரை பிள்ளை அவளுடையது, வளர்ப்பது மட்டும் நாம்.

எங்கள் காட்டில் வேலை செய்த ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள். அவளுக்குக் காப்பி கொடுத்தால் கொட்டாங்குச்சியில் எட்ட நின்று ஊற்றுவார்கள். எங்கள் வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள் கால் பட்டதே இல்லை. அவளுக்கும் அந்தச் சித்திரையில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டுதான் களையெடுப்பாள்.

தவிடு அவளே கொண்டுவந்தாள். அவள் வீட்டில் தவிடு எங்கே இருக்கிறது, யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். வள்ளத்தில் கோபுரமாகக் குவித்து, சிந்தாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றாள். ஐயன் தம்பியை முறத்தில் போட்டு வாசலில் வைத்தார். அவள் தவிட்டை எங்கள் கூடையில் கொட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரம் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"என்ற புள்ளைங்க சாமி. உங்கூட்டுல வளரட்டும்" என்று சொல்லி முறத்தை வைத்தாள். என் பிள்ளை, உங்கள் வீட்டில் வளரட்டும் என்று அப்படித்தான் சொல்ல வேண்டும். அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள். எல்லோருக்கும் திருப்தி. ஐயன் அவளுக்கு ஒரு தேங்காய் கொடுத்தார்.

இத்தோடு விட்டிருக்கலாம். அத்தைக்குப் பயம் போகவில்லை. இரண்டு பிள்ளைகளும் பால் குடித்துக்கொண்டிருந்தபோதே போயின, ஆகவே பாலில்தான் நஞ்சு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒரு கொட்டாங்குச்சியில் அம்மாவின் பாலைப் பீய்ச்சச் சொல்லி, அதில் ஒரு கட்டெறும்பைப் பிடித்து விட்டாள். எறும்பு நீந்தி ஏறினால் நல்ல பால், செத்தால் ஆகாத பால். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். எறும்பு காலை உதைத்தது, சுற்றியது, மிதந்தது.

"பாத்தயா" என்றாள் அத்தை.

அம்மா என்னைக் கை காட்டினாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள். "நங்கையா, இவ இந்தப் பாலக் குடிச்சுத்தானுங்களே நிக்கறா."

"பொட்டப் புள்ளைக்கு எந்தப் பாலும் ஆகும்" என்றாள் அத்தை.

என் மூத்தவன் பிறந்தபோது என் பாலில் ஒரு எறும்பை விட்டுப் பார்த்தேன். செத்தது. எருமைப் பாலில் விட்டேன், செத்தது. தண்ணீரில் விட்டேன், அதிலும் செத்தது. யாரிடமும் சொல்லாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். ஐயன் வீட்டில் நாலு பேர் இருந்தும் அன்று ஒருவருக்கும் இன்னொரு கிண்ணத்தில் விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூ வைத்துக் கட்டினார்கள். சரம் சரமாக வாங்கி வந்து அம்மாவின் மார்பில் சுற்றி, மேலே பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கினாள் அத்தை. வாடினால் புதுப் பூ. வீடு முழுக்கக் கல்யாண வாசனை. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, தம்பி அழுகிறபோதெல்லாம் பல்லைக் கடிப்பாள். அவன் அழுதால் கட்டையும் மீறிப் பூவெல்லாம் நனைந்துவிடும். கட்டை அவிழ்த்தால் மல்லிகை வாசனையும் புளித்த பால் வாசனையும் சேர்ந்து வரும். அந்தக் கலப்பு வாசனைக்குப் பெயர் கிடையாது. எனக்கு மட்டும் தெரியும்.

பால் நின்றது. தம்பிக்கு என்ன கொடுப்பது? எருமைப் பால் பச்சைக் குழந்தைக்கு மந்தம் என்றாள் அத்தை. ஐயன் பஸ் ஏறித் திருச்செங்கோடு போய், மருந்துக்கடையில் விசாரித்து, துண்டில் சுற்றி ஒரு டின் கொண்டுவந்தார். வாசலில் கட்டில் போட்டு அதன் மேல் வைத்துத் துண்டை விலக்கினார். பளபளவென்று இருந்தது. மேலே கொழுகொழு என்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தைப் படம்.

"மருந்துக்கடைக்காரரு சொல்றாரு, இதக் குடிச்ச புள்ளையக் கீழ உட்டா ஓடுமாமா" என்றார்.

அதன் விலையைக் கேட்டு, கதவுக்கு உள்ளே நின்ற அம்மா வாயில் கை வைத்தாள். இரண்டு மூன்று டின்னுக்கு ஒரு ஆட்டுக்குட்டி போகும். ஐயன் யோசிக்கவில்லை. சந்தைக்கு ஒரு குட்டி போயிற்று, பிறகு இன்னொன்று. எருமைப் பாலைச் சொட்டு விடாமல் சைக்கிள்காரர் டவுன் ஓட்டலுக்கு எடுத்துப் போனார், அந்தக் காசும் டின்னுக்கு. எனக்கு மோர்கூட இல்லை. வீட்டில் இருந்த பால் இரண்டு. ஒன்றைப் பூ வைத்து வற்ற வைத்தோம், இன்னொன்றைச் சைக்கிளில் ஏற்றிவிட்டோம். ஏற்றிவிட்டு ஆட்டையும் விற்று, மாவை வாங்கித் தண்ணீரில் கரைத்தோம். இன்று சொன்னால் பைத்தியக்கார வீடு என்பீர்கள். அன்று அதுதான் பாசம். ஐயன் தன் வாழ்நாளில் அதுவரை இவ்வளவு விலை கொடுத்து எதையும் வாங்கியதில்லை. விலை அதிகம் என்பதே அவருக்குத் தைரியம் கொடுத்தது.

பங்காளி ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "ஏப்பா, ஆட்டுப் பட்டியவே பையனுக்குக் கரைச்சு ஊத்தறயாமா?"

"ஊத்தறேன். உனக்கு ஒரு டம்ளர் வேணுமா?" என்றார் ஐயன்.

டின்னுக்குள் ஒரு குட்டிக் கரண்டி இருந்தது. எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று டின்னில் இங்கிலீஷில் போட்டிருந்தது. யார் படிப்பது? அத்தை கணக்குப் போட்டாள். கெட்டியாகக் கரைத்தால் செரிக்காது என்று ஒரு காரணம், டின் சீக்கிரம் தீரும் என்று உள்ளே இன்னொரு காரணம். முதலில் பால் போலத்தான் இருந்தது. ஆடுகள் குறையக் குறைய, அரிசி கழுவின தண்ணீர் போல ஆயிற்று. புட்டியின் ரப்பர் காம்பு எப்போதும் ஒருவித வீச்சம் வீசும். கழுவினாலும் போகாது.

தம்பிக்கு வயிறு நிற்கவில்லை. தொடை மடிப்புகள் தளர்ந்து தொங்கின. தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போல ஆகிவிட்டது. ஐயன் மறுபடி மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் இதைவிட விலை கூடின வேறு டின்னைக் காட்டினாராம். வாங்கி வந்தார். தாய் ஆடு ஒன்று போயிற்று. அத்தை குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள். ஒருவருடைய முகத்தையும் ஒருவர் பார்க்கவில்லை. போன இரண்டையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் கடலைக்காய் நல்ல விளைச்சல். கொடியைப் பிடுங்கி வந்து எங்கள் வாசலில் போர் போராகப் போட்டிருந்தது. காய் பறிக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசல் முழுக்கச் செம்மண் புழுதி, பச்சைக் கடலையின் வாசனை. ஐயன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தவிட்டுக்கு வாங்கியவளும் வந்திருந்தாள். அவள் குழந்தை வேப்பமரத்தில் கட்டின தொட்டிலில் தூங்கியது.

உள்ளே தம்பி அழுதான். அழுகை என்று சொல்ல முடியாது. விட்டு விட்டு ஒரு முனகல். பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் மெதுவாயின. 

தவிட்டுக்கு வாங்கியவளின் முந்தானை நனைந்திருந்ததை நான் பார்த்தேன். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், பசித்த குழந்தையின் குரல் கேட்டால் அது யார் குழந்தை என்று மார்பு விசாரிக்காது. அவள் மடியிலிருந்த காய்களைக் கூடையில் தட்டிவிட்டு எழுந்தாள். வாசற்படிக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, புள்ளைய எங்கிட்டக் குடுங்க."

ஐயனுக்கு விளங்கவில்லை. "எந்தப் புள்ள?"

"என்ற புள்ளைங்க. உள்ள அழுவுதே, அது."

"எதுக்கு?"

"பசிக்கு அழுவுது. எங்கிட்டப் பாலு இருக்குதுங்க."

அத்தை சாவிக்கொத்து குலுங்க வெளியே வந்தாள். "என்ன பேச்சு பேசற நீ. யாரூட்டு வாசல்ல நிக்கறேன்னு நெனப்பு இருக்குதா? உம்பட பால இவன் குடிக்கறதா? போய்க் காயப் பொறி."

அவள் அத்தையைப் பார்க்கவில்லை. ஐயனையே பார்த்தாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"தவுடு குடுத்து வாங்குனேனுங்க சாமி. இத்தன பேரும் பாத்தாங்க. நீங்க இன்னும் திருப்பி வாங்குலீங்க. என்ற புள்ள என்ற கண்ணு முன்னால பசியில சாவுதுங்க. எங்கிட்டக் குடுக்க முடியாதுன்னா, இது உன்ற புள்ள இல்லைன்னு சொல்லீடுங்க, நான் கேக்குல."

அத்தை வாயைத் திறந்தாள். "அடியே, அது சும்மா ஒரு சாத்திரத்துக்கு—"

"அக்கா" என்றார் ஐயன். "பேசாத."

அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஐயன் மாட்டிக்கொண்டார். இது உன் பிள்ளை இல்லை, என் பிள்ளை, நீ போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதை வாயால் சொல்ல முடியாது. சொன்னால் விற்றது பொய்யாகிவிடும். பொய் என்று எமனுக்குத் தெரிந்துவிடும். இது இன்னார் பெற்ற பிள்ளைதான் என்று வாசலில் நின்று கூவி அறிவித்தது போலாகும். அவள் தாழ்ந்தவள் என்பதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டு விற்றார்கள். இப்போது தாழ்ந்தவள் என்று சொல்லித் தடுக்க முடியவில்லை. பறிக்கிற பெண்கள் தலை குனிந்திருந்தார்கள், காது மட்டும் நிமிர்ந்திருந்தது.

ஐயன் பதில் சொல்வதற்குள் அம்மா வெளியே வந்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் பகல் வெளிச்சத்தில் வாசலுக்கு வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். கையில் தம்பி. அத்தையைத் தாண்டி, ஐயனைத் தாண்டி, படியிறங்கி, அவள் கைகளில் தம்பியை வைத்தாள். எட்ட நின்று வைக்கவில்லை. இருவர் கையும் பட்டுக்கொண்டன.

"உம் புள்ளையப் பாத்துக்க" என்றாள் அம்மா.

அவள் வேப்பமரத்தடியில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தம்பிக்கு முதலில் உறிஞ்சத் தெம்பு இல்லை. அவள் விரலால் பீய்ச்சி வாயில் விட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன், என்னை ஒருவரும் விரட்டவில்லை. வெகுநேரம் கழித்து அவன் தொண்டை அசைந்தது. பிறகு இன்னொரு தடவை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "குடிக்கறானுங்க அம்மணி" என்றாள். அம்மா கடலைப் போரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று முதல் காலையில் வேலைக்கு வரும்போது ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. வேலை இல்லாத நாளிலும் வருவாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள் வரவில்லை, பிள்ளைதான் வெளியே போவான். தை பிறப்பதற்குள் தொடை மடிப்புகள் நிரம்பிவிட்டன. ராத்திரிக்கு எருமைப் பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்தாள் அம்மா. ஒரு மந்தமும் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய பெண் குழந்தைக்கு அப்போது ஏழெட்டு மாதம். அவள் முதலில் தம்பிக்குக் கொடுப்பாள். அவன் விட்ட பிறகுதான் தன் குழந்தையை எடுப்பாள். அதற்குள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அந்தக் குழந்தை இழுத்துப் பார்த்துவிட்டு அழும். ராகிக் கூழை விரலில் தொட்டு அதன் வாயில் வைப்பாள். மாசி வாக்கில் அந்தக் குழந்தையின் கை கால்கள் குச்சி போலாகிவிட்டன. பொருளுக்கு ஏற்ற விலை இல்லை என்று நாம் பேசுகிறோமே, அந்தப் பாலின் விலையை யார் கொடுத்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து அதற்கு ஒரு ஆழாக்குப் பால்கூட இறங்கவில்லை. அம்மா ஒரே ஒரு நாள், அத்தை கோயிலுக்குப் போன நேரம், ஒரு சொம்பு பாலை என்னிடம் கொடுத்து ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். அத்தை பூட்டாமல் விட்ட ஒரே நாள் அதுதான்.

இதற்கிடையில் டின் நிற்கவில்லை. அதுதான் வேடிக்கை. மாதம் ஒரு டின் ஐயன் வாங்கிக்கொண்டே இருந்தார், வாசலில் கட்டில் மேல் வைத்தார். சொந்தக்காரர்கள் வந்து பையனைத் தூக்கிக் கொஞ்சி, "என்னத்தக் குடுக்கறீங்க, இப்படிக் கல்லாட்ட இருக்கறான்" என்றால், ஐயன் டின்னைக் காட்டுவார். "வெலைக்கு ஏத்த பண்டம்" என்பார். அத்தை தலையாட்டுவாள். பவுடர் பெரும்பாலும் அப்படியே கட்டி தட்டிப் போகும். அதைச் சர்க்கரை போட்டு நான் நக்கித் தின்பேன். அந்த ஊரில் டின் பால் குடித்து வளர்ந்தது நான்தான்.

அடுத்த வருஷம் மொட்டை. எங்கள் கோயிலில் பொங்கல் வைத்து, மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கினார்கள். அவள் கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றாள். தன் குழந்தையைக் கையில் பிடித்திருந்தாள், அது மெல்லத் தத்தி நின்றது. ஐயன் வெளியே வந்து தவிட்டை அளந்தார். அவள் அன்று கொண்டுவந்தது கோபுரமாகக் குவித்த வள்ளம். ஐயன் மேலே கையை வைத்து வழித்து, தலைதட்டி அளந்து கொடுத்தார். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். கூடக் கொடுத்தால் பிள்ளைக்கு விலை இருக்கிறது என்று ஆகிவிடுமாம். அப்படித்தான் அத்தை சொன்னாள். தவிட்டுக்கு வாங்கியவள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.

"சரியா இருக்குதா?" என்றார் ஐயன்.

"இருக்குதுங்க சாமி" என்றாள்.

தம்பி அவளைப் பார்த்துக் கையை நீட்டினான். வழக்கமான நேரம். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். அத்தை தம்பியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "இனி அவன் உம் புள்ள இல்ல" என்றாள். அவள் நின்றுவிட்டாள். தவிட்டு முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டு, பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தம்பி அவள் போன திக்கைப் பார்த்து அன்று முழுக்க அழுதான். மொட்டை போட்ட எரிச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவள் செத்தபோது நான் கல்யாணமாகி ஓமலூர்ப் பக்கம் இருந்தேன். எனக்குச் செய்தி வந்தது பல நாள் கழித்து. தம்பி அப்போது ஊரில்தான் இருந்தான். ஒருவரும் அவனிடம் போ என்று சொல்லவில்லை. எதற்குப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதே.

தம்பி பெரிய ஆள் ஆனான். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டிகள் வாங்கி வடநாடு வரை ஓட்டினான். போன தை மாதம் அவன் பேரனுக்குக் காது குத்து. சாப்பிட்டு எழுந்த கூட்டத்தில் நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னான். "அந்தக் காலத்துலயே நான் டின் பாலு குடிச்சு வளந்தவன். எங்கய்யன் ஆட்டுப் பட்டிய வித்து ஊத்துனாரு." எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டான். போன் அடித்தது, எடுக்கவில்லை.

"நெசமாவா அக்கா?"

"நான் பக்கத்துல நின்னு பாத்தவ."

தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டான். பிறகு, "இருக்கட்டும் அக்கா. இப்ப எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. எதுக்கு அதக் கெளறிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளை வழியனுப்பப் போய்விட்டான்.

எல்லாரும் போய்ச் சேரவில்லை. அவளுடைய பெண் இருக்கிறாள். நாமக்கல் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். இந்த வயதிலும் வேலை விடவில்லை. ஆளனுப்பிக் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்காமல் வந்துவிட்டாள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். இப்போது ஆசாரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. தன் அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்கிறாள். சின்ன வயதில் எதற்கோ தனக்கு எப்போதும் பசித்துக்கொண்டே இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

பேத்தி, எழுதினது போதும் சாமி. முதலிலிருந்து படி. மெதுவாகப் படி, இவளுக்குக் கேட்கிற மாதிரி படி. இவள் அம்மாவைப் பற்றி எழுதினதில் எங்காவது குறைந்திருந்தால் இவள் சொல்லட்டும், நிறுத்தித் திருத்திக்கொள்.